தெற்கே நீட்டிய குழல்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்க. சுவரோரம் இருக்கிறவங்களும் நகர்ந்து வாங்க, இடம் நிறைய இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்பிள்ளை, தெருவே கூடியிருந்த கல்யாணத்தில், தன் அகத்துக்காரர் காதுக்குள் புல்லாங்குழலை விட்ட கதையைச் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்க. அடக்கி வைத்தால் விக்கல்தான் வரும்.

அவள் பெயர் சத்யபாமா. எல்லாருக்கும் பாமா. ஐம்பத்தெட்டாம் வருஷம் அவளுக்கு முப்பத்தாறு வயது. வடக்கு உத்தர வீதியில் வீடு. வீட்டில் அவளும் அவள் புருஷன் சௌரிராஜனும் மட்டும்தான். சௌரிராஜன் பகலில் பொன்மலை ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. காலை ஆறு மணியிலிருந்து ஏழரை வரைக்கும் புல்லாங்குழல் வித்வான். அந்த வட்டாரத்தில் கல்யாணமோ சீமந்தமோ என்றால் அவரையும் அவருடைய ஜோடி ஸ்ரீனிவாசராகவனையும்தான் குழல் வாசிக்கக் கூப்பிடுவார்கள். இரண்டு குழலும் சேர்ந்து ஒலித்தால் நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் சௌரிராஜனுக்கு ஊதுவதில் இருக்கிற அக்கறையைப் போல இரண்டு பங்கு அக்கறை உட்காருவதில். குழலை எடுப்பதற்கு முன் தினமும் தனக்குத் தானே உரக்கச் சொல்லிக்கொள்வார். முதுகு நேர். தோள் இரண்டும் தொங்கட்டும், தூக்காதே. மோவாய் குனியாது, வானத்தையும் பார்க்காது. முழங்கை விலாவோடு ஒட்டாது, நடுவே ஒரு பூனை புகுந்து போகலாம். துளையை விரல் நுனியால் அடைக்காதே, விரலின் சதையால் மூடு. மணிக்கட்டு மடியாது. குழல் தரைக்கு மட்டமாக இருக்கட்டும், நுனி தெற்கே பெருமாள் இருக்கிற பக்கம் பார்க்கட்டும்.

இந்தக் கடைசி வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்க. மற்ற ஊர்க்காரர்கள் வலது, இடது என்பார்கள். ஸ்ரீரங்கத்தில் வீதியே வடக்கு, தெற்கு என்று பெயர் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி ஓடுகிறது. அங்கே உப்பு ஜாடி அலமாரியில் கிழக்கே இருக்கும், மூக்குக்கண்ணாடி மேஜையில் மேற்கே இருக்கும். கல்யாணப் பந்தியில் கூட "கொஞ்சம் வடக்கே நகருங்கோ" என்றுதான் சொல்வார்கள். சௌரிராஜன் கிழக்கே பார்த்து உட்காருவார். அப்படி உட்கார்ந்தால் தெற்கு அவருக்கு வலப்பக்கம். குழல் வலப்பக்கம் நீளும். சரியாகத்தான் இருக்கும்.

அந்த நேரத்தில் பாமா அவருக்கு எதிரே, மேற்கே பார்த்து உட்கார்ந்து, அரிவாள்மணையில் காய் நறுக்குவாள். பதினாறு வருஷமாக அந்தப் பாடத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தூக்கத்திலும் மனப்பாடம். அவர் விரல் ஓடுகிறபோது அவள் விரல் கத்தரிக்காயின் மேல் ஓடும். வாழைப்பூவைக்கூடச் சில நாள் மட்டமாகப் பிடித்திருக்கிறாள்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள், அவர் பஸ் ஏறிப் போனதும், ஆணியில் தொங்கிய துணிப்பையிலிருந்து இரண்டாவது குழலை எடுத்தாள். தன் வழக்கமான இடத்தில், வழக்கம்போல மேற்கே பார்த்து உட்கார்ந்தாள். முதுகு நேர், தோள் தொங்கட்டும், பூனை போகட்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்தாள். நுனி தெற்கே பெருமாள் பக்கம். மேற்கே பார்த்தவளுக்குத் தெற்கு எந்தப் பக்கம்? இடப்பக்கம். வலக்கை வாய்க்குப் பக்கத்தில், இடக்கை நுனிக்குப் பக்கத்தில். எதிர்ச் சுவரில் இருந்த காலண்டர் கண்ணனைப் பார்த்தாள். படத்திலும் குழல் அவள் இடப்பக்கம்தான் நீண்டிருந்தது. சரி, அவனே சொல்லிவிட்டான் என்று ஊதினாள்.

முதல் மாதம் காற்று வந்தது. இரண்டாவது மாதம் சத்தம் வந்தது. ஒரு வருஷத்தில் பாட்டு வந்தது. நாலு வருஷத்தில் என்ன வந்தது என்பதை அடுத்த வீட்டு வைஜயந்திதான் சொல்ல வேண்டும். நடுச்சுவர் வழியாக அவள் ஒருத்திதான் கேட்டிருக்கிறாள், கேட்டுவிட்டு வாயைத் திறக்காமலும் இருந்திருக்கிறாள். சௌரிராஜனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: இரண்டாவது குழலில் பெருங்காய வாசனை அடிக்கிறது. அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் ஆணி அடித்தது தப்பு என்று வருஷா வருஷம் வருத்தப்படுவார்.

பாமாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. யாரும் கைதட்ட வேண்டாம். அவர் குழலும் தன் குழலும் சேர்ந்து ஒலிப்பதை ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமலே நாலு வருஷம் கத்தரிக்காய் நறுக்கினாள்.

அந்த ஆவணியில் வைஜயந்தியின் பெண்ணுக்குக் கல்யாணம். காலையில் ஊஞ்சலின்போது இரண்டு குழல் வாசிப்பதாக ஏற்பாடு. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஸ்ரீனிவாசராகவனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்துவிட்டது. கன்னம் இரண்டும் சீர் முறுக்கு வைத்தாற்போலப் புடைத்துக்கொண்டன. பொன் போட்டால் இறங்கும் என்று அவர் மனைவி தன் இரட்டை வடச் சங்கிலியை எடுத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். ஐம்பது வயது மனிதர், சிவப்புக்கல் பதக்கம் மாரில் ஆட, ஜன்னலுக்குள்ளிருந்து கையை ஆட்டி, ஊத முடியாது என்று தெரிவித்தார்.

சௌரிராஜன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வைஜயந்தியிடம் போய், குழல் கச்சேரி இல்லை, ஒற்றைக் குழலாக வாசித்தால் ஊஞ்சல் நிறையாது என்றார். வைஜயந்தி அட்சதைக்கு மஞ்சள் கலந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஏன் மாமா, பாமா இருக்காளே. நீங்க ஆபீஸ் போனப்புறம் தினம் ஊதறாளே. உங்களுக்குத் தெரியாதா?"

சௌரிராஜன் திரும்பி வந்த வேகத்தில் ஒரு செருப்பு வைஜயந்தி வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே வந்தவர் நேராக ஆணியிலிருந்து இரண்டாவது குழலை எடுத்து முகர்ந்தார்.

"பெருங்காயம் நீதானா?" என்றார்.

பாமா ஆமாம் என்று தலையாட்டினாள். வாசி பார்க்கலாம் என்றார். அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, தன் இடத்தில் உட்கார்ந்து, குழலை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். முடித்ததும் கண்ணைத் திறந்தாள். சௌரிராஜன் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். பாட்டுக்காகத்தான் என்று நினைத்து அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"தப்பான பக்கம்டி" என்றார்.

முதுகு சரியாம், தோள் சரியாம், விரலின் சதை சரியாம், அந்த முழங்கைக்கு நடுவே பூனை என்ன, கன்றுக்குட்டியே போகலாமாம். ஆனால் குழல் தலைகீழாக இருக்கிறதே, உலகத்தில் யாராவது இப்படிப் பிடிப்பார்களா என்று கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாமா இடத்தைவிட்டு அசையவில்லை.

"நீங்கதானே சொன்னேள், நுனி தெற்கே பெருமாளைப் பார்த்து இருக்கணும்னு. பெருமாள் அங்கதானே இருக்கார்? அவரை நான் நகர்த்தலையே."

அவர் கண்ணன் படத்தைக் காட்டி, பார், அவன் தன் வலப்பக்கம் பிடித்திருக்கிறான் என்றார். அவள் எழுந்து படத்துக்கு முன் போய் நின்று, குழலைப் படத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். இரண்டும் ஒரே பக்கம்தான் நீண்டன. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் பக்கத்தை மாற்றிக்கொண்டால் கல்யாணத்தில் பக்கத்தில் உட்காரலாம். இல்லாவிட்டால் தெருவே பார்த்துச் சிரிக்கும், வேண்டாம். பாமாவுக்கு அதில் பக்கத்தில் உட்காரலாம் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. சரி என்றாள்.

அந்த ஒன்பது நாள் அந்த வீடு இருந்த இருப்பைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சௌரிராஜன் அவளைத் தூக்கிக் கிழக்கே பார்த்து உட்கார்த்தினார். இப்போது தெற்கு வலப்பக்கம்தானே, தானாகச் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். கைக்குக் கணக்குத் தெரியுமா? குழலை எடுத்ததும் அது பழையபடி இடப்பக்கம் திரும்பிப் போய் நின்றது. நுனி இப்போது வடக்கே, கொள்ளிடம் ஆற்றுப் பக்கம்.

"பெருமாளுக்கு வாசிக்கச் சொன்னா கொள்ளிடத்துக்கு வாசிக்கறியே" என்றார்.

வலப்பக்கம் பிடித்தால் விரல்கள் ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாதவர்கள் போலப் பார்த்துக்கொண்டன. வந்தது காற்று மட்டும். அவர் ஆபீஸ் அடிக்கோலை அவள் முதுகில் வைத்துப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்; அது உருண்டு போய்ச் சாத்தமுதுப் பாத்திரத்தில் விழுந்தது, அன்றைக்கு ரசம் நன்றாக இருந்தது. மூன்றாவது நாள் குழலை வேகமாகத் திருப்பியதில் உறி ஆடி, உறியிலிருந்த தயிர் அவர் தலையில் இறங்கியது. தயிரோடு உட்கார்ந்துகொண்டே மணிக்கட்டு மடிகிறது பார் என்றார்.

அதைவிடக் கஷ்டம், கையைத் திருப்பப்போய்ப் பாமாவே முழுசாகத் திரும்பிவிட்டாள். வலதுகால் செருப்பில் இடதுகால் போயிற்று. கோலம் கண்ணாடியில் பார்த்தாற்போல வந்தது. ஐந்தாம் நாள் சாப்பாட்டுக்கு இலை போட்டவள் நுனியை வலப்பக்கம் போட்டுவிட்டாள். இலையின் நுனி இடப்பக்கம்தான் வரவேண்டும் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். சௌரிராஜன் இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நுனி பெருமாளைப் பார்த்து இருக்கு" என்றாள் பாமா. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டிலிருந்து வைஜயந்தி சுவரைத் தட்டினாள்.

ஆனால் எட்டாம் நாள் சாயங்காலம் சிரிப்பு வரவில்லை. வலப்பக்கத்தில் அவளுக்கு ஒரே ஒரு ஸ்வரம்தான் பிடிபட்டிருந்தது. சட்ஜமம் மட்டும் நடுங்காமல் நின்றது, விரலை எடுத்தால் எல்லாம் கலைந்தது. சௌரிராஜன் மெதுவாக, நான் ஒருத்தனே வாசித்துவிடுகிறேன், நீ கீழே உட்கார்ந்து கேள் என்றார். பாமா குழலைத் துணிப்பையில் போட்டாள். போட்ட கையை வெளியே எடுக்கவில்லை.

"அந்த ஒரு ஸ்வரத்தை ஊதிண்டு பக்கத்துல உட்கார்ந்துக்கறேனே. ஸ்ருதிப்பெட்டி மாதிரி."

நாலு வருஷத்துப் பாட்டு ஒரு ஸ்வரமாகச் சுருங்கிப்போனது அவருக்கும் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

கல்யாணம் வடக்குச் சித்திரை வீதிச் சத்திரத்தில். நாதஸ்வரக்காரர்கள் மேடையைப் பிடித்துக்கொண்டார்கள். தரையெல்லாம் ஊஞ்சலைச் சுற்றப்போகும் பெண்கள். குழலுக்குக் கிடைத்தது ஊஞ்சலுக்கு எதிரே சுவரோரம் ஒரு குட்டைப் பெஞ்சு, அதன் முன்னால் ஒற்றை மைக். கிழக்கே பார்த்து இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரலாம். கொஞ்சம் நகர்ந்தால் கீழே விழலாம். சௌரிராஜன் தென்கோடியில் உட்கார்ந்தார். பாமா வடகோடியில், அவருக்கு இடப்பக்கம். கீழே பாயில் மிருதங்கத்தோடு பிச்சமுத்து. அவர் உறையூரில் தறி நெய்கிறவர். கைக்கு ஓய்வு கிடைத்தால் மிருதங்கம் வாசிப்பார். சத்திரத்து ஜன்னலுக்கு வெளியே, யாருக்கும் ஒட்டிவிடாதபடி எட்டி, சங்கிலி மின்ன ஸ்ரீனிவாசராகவன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் ஊஞ்சலில் உட்கார்ந்தார்கள். சௌரிராஜன் முதுகை நிமிர்த்தினார். பாமா கற்றுக்கொண்டபடியே குழலை வலப்பக்கம் தூக்கினாள். அவளுக்கு வலப்பக்கம் என்ன இருந்தது? அவள் புருஷன் தலை இருந்தது. குழல் நுனி நேரே போய் அவர் இடது காதுக்குள் புகுந்தது.

அவர் துள்ளினார். அவள் பின்னால் சாய்ந்தாள். நுனி அவர் குடுமிக்குள் சிக்கியது. அவர் குடுமியை விடுவித்துக்கொண்டு தெற்கே ஒதுங்கினார். பெஞ்சு தெற்கே தீர்ந்துபோயிருந்தது. ஒரு காலைத் தூக்கிப் பெஞ்சு சாய, பாமா அவர் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுக்க, அவர் திரும்பி வந்து உட்கார, நுனி மறுபடியும் காதுக்குள். மைக் இத்தனையையும் சத்திரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. ஊஞ்சலைச் சுற்றி வந்த மாமிகள் திருஷ்டிக்காக நாலு திசையிலும் எறிய வேண்டிய பச்சைப்பிடியை, கலர் கலரான சாத உருண்டைகளை, ஒரே திசையில் எறிந்துவிட்டு நின்றார்கள். சிவப்புச் சாத உருண்டை ஒன்று மிருதங்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. ஜன்னலுக்கு வெளியே ஸ்ரீனிவாசராகவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வலிக்க, அழுதுகொண்டிருந்தார்.

பாமா குழலை மடியில் இறக்கிவிட்டாள். நான் எழுந்து போகிறேன் என்று அவர் காதோரம் சொன்னாள். ஊஞ்சல் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. வைஜயந்தி மணப்பெண்ணுக்குப் பின்னாலிருந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிச்சமுத்து சிவப்பு உருண்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்தார்.

"ஐயா, தறியில நூல் ஓட்டுற நாடா ரெண்டும் ஒரே பக்கம் ஓடுனா இடிக்கத்தான் செய்யும். ஒண்ணு இப்படிப் போவட்டும், ஒண்ணு அப்படிப் போவட்டுமே."

சௌரிராஜன் பிச்சமுத்துவைப் பார்த்தார். தன் குழலைப் பார்த்தார். பிறகு பாமாவின் மடியிலிருந்த குழலைத் தானே எடுத்து, அவள் முகத்துக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை அந்தப் பக்கம் திருப்பி அவள் கையில் கொடுத்தார். அவள் வலக்கை தானாக வாய்க்குப் பக்கத்தில் வந்தது, இடக்கை நுனிக்குப் பக்கத்தில் போயிற்று. ஒன்பது நாள் வெளியூர் போயிருந்த விரல்கள் வீடு வந்து சேர்ந்தன. அவர் குழல் தெற்கே, அவள் குழல் வடக்கே; இரண்டு தலையும் நடுவில், ஒற்றை மைக்குக்கு எதிரே, ஒட்டினாற்போல. முக்கொம்பில் ஆறு காவேரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிற இடத்தை மேலே இருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

அப்போதும் பாமாவுக்கு ஒரு கவலை. "என் நுனி பெருமாள் பக்கம் இல்லையே."

"அவர் ரெண்டு ஆத்துக்கும் நடுவுலதானே சேவை சாதிக்கறார். எனக்குக் காவேரி, உனக்குக் கொள்ளிடம். ஊது" என்றார் சௌரிராஜன்.

ஊதினாள். ஒரு ஸ்வரம் இல்லை, நாலு வருஷமும் வந்தது. முதல் அடியில் அவள் அவருக்குப் பின்னால் நடந்தாள், இரண்டாவது அடியில் பக்கத்தில் வந்தாள், மூன்றாவது அடியில் அவர் எங்கே போகப்போகிறார் என்று தெரிந்து முன்னாலேயே போய் அங்கே நின்று சிரித்தாள். பதினாறு வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்தவளுக்கு அவர் மூச்சு எங்கே முடியும் என்று தெரியாதா? அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் இவள் குழல் தாங்கியது. பிச்சமுத்து மிருதங்கத்தை உருட்டு உருட்டென்று உருட்டினார். மாமிகள் பச்சைப்பிடியைச் சரியாக நாலு திசைக்கும் எறிந்தார்கள். ஊஞ்சலைத் தள்ளிய மாமா தாளத்துக்கே தள்ள, ஊஞ்சல் உயர உயரப் போய், மாப்பிள்ளை ஒரு கையால் சங்கிலியையும் ஒரு கையால் பெண்ணையும் பிடித்துக்கொண்டார். குழலை யார் எந்தப் பக்கம் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு பிராணியும் பார்க்கவில்லை.

பாமா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு குழலும் சேர்ந்து ஒலித்தன. அவள் கேட்க ஆசைப்பட்டது அதுதான். அவள் நினைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

முடிந்ததும் ஸ்ரீனிவாசராகவன் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று சௌரிராஜனைக் கூப்பிட்டார். வீங்கிய வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "பத்து வருஷமா உன் பக்கத்துல கோணிண்டு உட்கார்ந்து எனக்குக் கழுத்தே கோணிப்போச்சு. இனிமே அவளே உட்காரட்டும். நான் எதிரே உட்கார்ந்து கேக்கறேன்." வீக்கம் இறங்குகிற வரைக்கும் அந்தச் சங்கிலியைக் கழற்றாதேயும் என்றார் சௌரிராஜன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தக் கூடத்தில் இரண்டு மணை கிழக்கே பார்த்துப் போட்டிருந்தது. சௌரிராஜன் வழக்கம்போல உரக்கச் சொன்னார். முதுகு நேர், தோள் தொங்கட்டும், மோவாய் நிமிரட்டும், முழங்கைக்கு நடுவே பூனை போகட்டும். கடைசி வரியில் மட்டும் கொஞ்சம் நின்று யோசித்து, நுனி அவரவர் ஆற்றைப் பார்க்கட்டும் என்றார். அன்றைக்குக் கத்தரிக்காயை யார் நறுக்கியது என்று கேட்கிறீர்களா? ஏழரை மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து நறுக்கினார்கள். ஆபீஸுக்குப் பஸ் தப்பிப்போயிற்று.

கதை இவ்வளவுதான் கண்ணுகளா. நீங்களும் உங்க வீட்டில் ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர் இடிக்காமல் உட்கார்ந்து, ஒருத்தர் மூச்சு வாங்குகிற இடத்தை இன்னொருத்தர் தாங்கி, நன்றாக இருங்க. உங்க அடுப்பில் பெருங்காய வாசனையும் உங்க கூடத்தில் சிரிப்புச் சத்தமும் ஒரு நாளும் குறையாமல், தெற்கே காவேரி போல, வடக்கே கொள்ளிடம் போல, இரண்டு பக்கமும் நிறைந்து ஓடட்டும்.